நான்கெல்லையும் சர்வே எண்ணும்: அறுந்த இணைப்புகளை முன்வைத்து ஓர் ஒப்பாய்வு

கிரயப் பத்திரத்தின் கடைசிப் பக்கங்களில் சொத்து விவரம் இருக்கும். அதில் ஒரே நிலத்தை இரண்டு விதமாக எழுதியிருப்பார்கள். மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் என்பது ஒரு விதம். வடக்கே இன்னார் புஞ்சை, கிழக்கே வண்டிப்பாதை, தெற்கே வாய்க்கால், மேற்கே இன்னொருவர் தோப்பு என்று நான்கெல்லை சொல்வது இன்னொரு விதம். பத்திர எழுத்தர்கள் இதைச் செக்குபந்தி என்பார்கள். சர்வே எண்ணை எந்த ஊரில் உட்கார்ந்து படித்தாலும் அதே நிலத்தைத்தான் காட்டும். ஆனால் உட்பிரிவு செய்து எண் மாறிவிட்டால் பழைய பத்திரம் திண்டாடும். நான்கெல்லை, அந்த நிலத்தில் நிற்பவருக்குத்தான் உதவும். பக்கத்துப் புஞ்சை கைமாறினால் 'இன்னார்' யார் என்று ஊர்ப் பெரியவர்களைக் கேட்க வேண்டும். தனித்தனியே பார்த்தால் இரண்டுமே பழுதாகக் கூடியவை. அதனால்தான் பத்திரத்தில் இரண்டையும் எழுதி வைக்கிறார்கள்.

இணையதளத்தில் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு இணைப்புக் கொடுப்பவருக்கும் இதே இரண்டு வழிகள் உண்டு: முழு முகவரி, சார்பு முகவரி. பத்திரத்தைப் போல இரண்டையும் சேர்த்து எழுத இங்கே வசதியில்லை. ஏதாவது ஒன்றைத்தான் எழுத முடியும். எழுதும் நாளில் இரண்டும் ஒன்றுபோலவே வேலை செய்வதால் யாரும் யோசிப்பதில்லை. எதைத் தேர்ந்தோம் என்பது தளம் வீடு மாறும் நாளில்தான் தெரியவரும்.

இரண்டு முறைகள்

பேசுவதற்கு ஓர் உதாரண முகவரி வேண்டும். ஆங்கிலமல்லாத எழுத்துகளில் டொமைன் பெயர்கள் ஒழுங்காக இயங்குமா என்று 2007இல் ஐகான் அமைப்பு சோதித்துப் பார்த்தது. தேர்ந்தெடுத்த 11 மொழிகளில் தமிழும் ஒன்று. தமிழுக்கு வைத்த சோதனை முகவரி 'உதாரணம்.பரிட்சை'. அந்தச் சோதனைக்குப் பிறகுதான் .இலங்கை, .சிங்கப்பூர், .இந்தியா ஆகியவை புழக்கத்துக்கு வந்தன. சோதனைப் பெயர்களைப் பின்னர் நீக்கிவிட்டார்கள். இன்று யாருக்கும் சொந்தமில்லாத அந்தப் பெயரையே இந்தக் கட்டுரைக்கு எடுத்துக்கொள்கிறேன். அங்கே ஒரு சிற்றிதழின் பழைய இதழ் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

எச்டிடிபிஎஸ்://உதாரணம்.பரிட்சை/இதழ்/2004/மே.எச்டிஎம்எல்

இது முழு முகவரி. எந்த நெறிமுறையில் போக வேண்டும், எந்த டொமைனில் தேட வேண்டும், அங்கே எந்த ஃபோல்டரில் எந்தக் கோப்பு என்று மூன்றையும் சொல்லிவிடுகிறது. மின்னஞ்சலில் அனுப்பினாலும், வாட்ஸ்அப்பில் போட்டாலும், காகிதத்தில் அச்சிட்டுக் கொடுத்தாலும் அதே இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

சார்பு முகவரி முன்பகுதியை விட்டுவிடும். மே மாதப் பக்கத்தில் நின்றுகொண்டு 'ஜூன்.எச்டிஎம்எல்' என்று மட்டும் எழுதினால், அதே ஃபோல்டரிலுள்ள ஜூன் பக்கம் என்று பொருள். '../2003/மே.எச்டிஎம்எல்' என்றால் ஒரு படி மேலே ஏறி, 2003 ஃபோல்டருக்குள் இறங்க வேண்டும். '/படம்/அட்டை.ஜேபிஜி' என்று சாய்கோட்டில் தொடங்கினால், தளத்தின் வாசற்படிக்கே போய் அங்கிருந்து நடக்க வேண்டும். '#குறிப்பு' என்றால் இதே பக்கத்தில் வேறு வரிக்குப் போக வேண்டும். விட்டுப்போன பகுதியை, தான் இப்போது திறந்திருக்கும் பக்கத்தின் முகவரியிலிருந்து உலாவி எடுத்து நிரப்பிக்கொள்ளும்.

இலக்கண வழியில் சொன்னால் முழு முகவரி இயற்பெயர். சார்பு முகவரி சுட்டுச்சொல். 'அங்கே' என்ற சொல்லின் பொருள், அதைச் சொல்பவர் எங்கே நிற்கிறார் என்பதைப் பொறுத்தது.

இரண்டும் ஒரே நாளில் விதியாகவில்லை. டிம் பெர்னர்ஸ்-லீ உள்ளிட்டோர் எழுதிய முழு முகவரிக்கான ஆவணம், ஆர்எஃப்சி 1738, டிசம்பர் 1994இல் வந்தது. சார்பு முகவரிக்கு ராய் ஃபீல்டிங் தனியாக எழுதிய ஆர்எஃப்சி 1808, ஜூன் 1995இல் வந்தது. 1998இல் இரண்டையும் ஒரே ஆவணத்துக்குள் கொண்டுவந்தார்கள். இன்று பலரும் மேற்கோள் காட்டும் ஆர்எஃப்சி 3986, ஜனவரி 2005இல் வெளியானது. அதன் ஐந்தாம் பகுதி முழுவதும் ஒரே வேலைதான்: சார்பு முகவரி ஒன்றை முழு முகவரியாக விரிப்பது எப்படி என்று படிப்படியாகச் சொல்வது.

ஒரே தளம், இரண்டு கைகள்

இந்த ஒப்பீட்டை நான் புத்தகத்தில் படித்துக் கற்கவில்லை. ஒரு சிற்றிதழின் பழைய இதழ்களை வலையேற்றும் பணியில் சில காலம் உடனிருந்தேன். எச்டிஎம்எல் பக்கங்களைக் கையால் எழுதிய காலம். வேலை செய்தவர்கள் இருவர். ஒருவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். நாங்கள் ஐயா என்போம். மற்றவர் அச்சகத்தில் டிடிபி வேலை பார்த்த தம்பி.

ஐயா இணைப்புக் கொடுக்கும் விதம் எளிது. வேண்டிய பக்கத்தை உலாவியில் திறப்பார். மேலே முகவரிப் பட்டையில் இருப்பதை அப்படியே நகலெடுத்து ஒட்டுவார். அதனால் அவர் கொடுத்த எல்லா இணைப்புகளும் முழு முகவரி. தம்பி தன் கணினியில் ஃபோல்டர் வைத்து வேலை செய்து, கடைசியில் மொத்தமாக ஏற்றுவான். அவன் கணினியில் டொமைன் ஏது? அதனால் அவன் கொடுத்தவை எல்லாம் சார்பு முகவரி. இருவரும் யோசித்துத் தேர்ந்தெடுக்கவில்லை. வேலை செய்த இடம் பழக்கத்தைத் தீர்மானித்தது. பெரும்பாலான தளங்களில் இன்றும் கதை இதுதான்.

முதல் இடமாற்றம் டொமைன் மாறியபோது வந்தது. ஃபோல்டர்களை அப்படியே தூக்கிப் புதிய இடத்தில் வைத்தோம். தம்பியின் பக்கங்களுக்கு ஒன்றுமே ஆகவில்லை. ஐயாவின் பக்கங்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றுதான் நினைத்தோம். எதை அழுத்தினாலும் திறந்தது. பல மாதம் கழித்துப் பழைய டொமைனின் ஆண்டுக் கட்டணம் முடிந்தது, யாரும் புதுப்பிக்கவில்லை. வேறு யாரோ வாங்கினார்கள். ஐயாவின் பக்கத்தில் 'முதல் பக்கம்' என்ற இணைப்பை ஒரு வாசகர் அழுத்தியபோது சூதாட்ட விளம்பரம் திறந்தது. அப்போதுதான் புரிந்தது: அத்தனை மாதமும் வாசகர்களைப் பழைய வீட்டுக்கே அனுப்பிக்கொண்டிருந்தோம்.

ஐயாவின் இணைப்புகளைப் புதிய டொமைனுக்குத் திருத்தியபின் வந்த இரண்டாவது இடமாற்றம் நாங்களே செய்துகொண்டது. எல்லாக் கோப்புகளும் 'இதழ்' என்ற ஒரே ஃபோல்டரில் குவிந்திருந்தன. ஆண்டு வாரியாகப் பிரித்து உள்ளே ஒரு படி இறக்கினோம். படங்களை மட்டும் இருந்த இடத்திலேயே விட்டோம். அன்று மாலையே தம்பியின் பக்கங்களில் அட்டைப்படங்கள் எல்லாம் காணாமல் போய், உடைந்த சட்டக் குறி மட்டும் நின்றது. 'படம்/அட்டை.ஜேபிஜி' என்று அவன் எழுதியதை உலாவி இப்போது 2004 ஃபோல்டருக்குள் தேடியது. ஐயாவின் பக்கங்களில் படங்கள் சிரித்துக்கொண்டிருந்தன. பக்கத்துக்குப் பக்கம் போகும் இணைப்புகளில் நிலைமை தலைகீழ். ஒரே ஆண்டு இதழ்களுக்குள் தம்பி கொடுத்தவை பிழைத்தன. ஐயா கொடுத்தவை அத்தனையும் அறுந்தன.

இந்த அனுபவத்தைச் சுருக்கினால் நான்கு நிலைகள் கிடைக்கும். இணைப்பு இருக்கும் பக்கமும் அது காட்டும் கோப்பும் சேர்ந்தே நகர்ந்தால் சார்பு முகவரி பிழைக்கும்; முழு முகவரி அறும். பக்கம் மட்டும் நகர்ந்து கோப்பு நின்றால் முழு முகவரி பிழைக்கும், சார்பு அறும். கோப்பு மட்டும் நகர்ந்தால் இரண்டும் அறும். ஒன்றுமே நகராமல் டொமைனோ நெறிமுறையோ மாறினால் சார்பு முகவரி அசையாது. முழு முகவரி மாட்டிக்கொள்ளும். எது உயர்ந்தது என்ற கேள்விக்கு விடை இந்த நான்குக்குள் எங்கோதான் இருக்கிறது.

சத்தமாக அறுவதும் சத்தமில்லாமல் அறுவதும்

நான்காம் நிலை பெரும்பாலான தளங்களில் ஒரு காலத்தில் நடந்தது. 2015இன் இறுதியில் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு எச்டிடிபிஎஸ்ஸுக்குத் தேவையான சான்றிதழ்களை இலவசமாகப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. ஜூலை 2018 முதல், பழைய எச்டிடிபி தளங்களைப் 'பாதுகாப்பற்றவை' என்று குரோம் உலாவி முத்திரை குத்தத் தொடங்கியது. தளங்கள் வேகவேகமாக எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாறின. 'எஸ்' என்ற ஓர் எழுத்துதான் கூடியது. ஆனால் பக்கத்துக்குள் பழைய எச்டிடிபி முகவரியை முழுதாக எழுதி வைத்திருந்த ஸ்கிரிப்டுகளையும் வடிவக் கோப்புகளையும் உலாவிகள் 'கலப்பு உள்ளடக்கம்' என்று சொல்லித் தடுத்தன. பூட்டுக் குறி வந்த பக்கத்தில் வடிவமைப்பு சிதறிக் கிடந்தது. சார்பு முகவரியில் எழுதியிருந்தவர்களுக்கு அந்த வேலை மிச்சம்.

இதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. சார்பு முகவரி அறுந்தால் பெரும்பாலும் உடனே 'பக்கம் இல்லை' என்னும் 404 வரும், படம் மறையும், பார்த்தவர் சொல்லிவிடுவார். முழு முகவரி அறுவது வெளியே தெரியாது. பழைய வீடு பூட்டப்படாத வரை இணைப்பு வேலை செய்வது போலவே இருக்கும். புதிய தளத்தைச் சோதனை இடத்தில் வைத்துப் பார்க்கும் மென்பொருள் பணியாளர்களுக்கு இது நன்றாகத் தெரியும். சோதனைத் தளத்தில் ஓர் இணைப்பை அழுத்துவார்கள். அது முழு முகவரியாக இருந்தால் அசல் தளத்துக்குப் போய்விடும். அடுத்த பத்து நிமிடம் எதைச் சோதிக்கிறோம் என்று தெரியாமலே சோதிப்பார்கள்.

சார்பு முகவரியும் சில நேரம் அமைதியாகக் கெடும். எந்த முகவரி கேட்டாலும் ஏதோ ஒரு பக்கத்தைத் தந்துவிடும் சர்வர்கள் இருக்கின்றன. அங்கே '2004/மே' என்ற சார்பு இணைப்பை 2004 ஃபோல்டருக்குள்ளேயே தவறி எழுதிவிட்டால் '2004/2004/மே' என்று விரியும். சர்வர் அதற்கும் பக்கம் தரும். அந்தப் பக்கத்திலும் அதே இணைப்பு. தேடுபொறியின் கிராலர் உள்ளே உள்ளே போய்க்கொண்டே இருக்கும்.

ஒரு சாய்கோட்டின் விலை

சார்பு முகவரியின் நுட்பமெல்லாம் கடைசிச் சாய்கோட்டில் இருக்கிறது. விதி இதுதான்: தற்போதைய முகவரியில் கடைசிச் சாய்கோட்டுக்குப் பின்னால் இருப்பதை வெட்டிவிட்டு, அங்கே சார்பு முகவரியை ஒட்ட வேண்டும். '/இதழ்/2004/' என்ற பக்கத்திலிருந்து 'ஜூன்.எச்டிஎம்எல்' என்றால் '/இதழ்/2004/ஜூன்.எச்டிஎம்எல்' கிடைக்கும். அதே பக்கத்தைக் கடைசிச் சாய்கோடு இல்லாமல் '/இதழ்/2004' என்று சர்வர் திறந்துவிட்டால், 2004 என்பது வெட்டுப்பட்டு '/இதழ்/ஜூன்.எச்டிஎம்எல்' ஆகிவிடும். பார்வைக்கு ஒரே பக்கம். ஓர் இணைப்பு கிடைக்கிறது, மற்றது அறுகிறது. 'எனக்குத் திறக்கிறதே' என்று ஒருவரும், 'எனக்குத் திறக்கவில்லை' என்று இன்னொருவரும் சண்டை போடும் பல வழக்குகளில் குற்றவாளி இந்தச் சாய்கோடு. முழு முகவரிக்கு இந்த நோய் வராது.

இரு வகைக்கும் பொதுவான நோய்களும் உண்டு. விண்டோஸ் கணினியில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் கோப்புப் பெயரில் ஒன்று. பெரும்பாலான சர்வர்கள் ஓடும் லினக்ஸில் வேறு வேறு. வீட்டில் தெரிந்த படம் ஏற்றியபின் தெரியாமல் போவதற்கு இதுவே பெரிய காரணம்.

தமிழுக்குப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து இல்லை. நமக்கு வேறு தொல்லை. 'கொலு.ஜேபிஜி' என்று ஒரு கோப்பு. முகவரியில் போகும்போது தமிழ் எழுத்துகள் விழுக்காட்டுக் குறியும் இரண்டு இலக்கங்களுமாக உருமாறும்; ஒருங்குறியின் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட், ஒன்பது எழுத்து. 'கொலு' என்பது ககரம், ஒகரக் குறி, லகரம், உகரக் குறி என நான்கு குறியீடுகள். ஆக 36 எழுத்து. ஆனால் ஒகரக் குறியை ஒற்றைக் கொம்பும் காலுமாகப் பிரித்தும் சேமிக்கலாம். அப்படிச் சேமித்தால் ஐந்து குறியீடுகள், 45 எழுத்து. பழைய மேக் கணினிகளின் எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறை, பெயர்களைப் பிரித்தே வைக்கும். அங்கிருந்து ஏற்றிய படத்துக்கு வேறு கணினியில் தட்டச்சிட்டு இணைப்புக் கொடுத்தால், நம் கண்ணுக்கு ஒரே 'கொலு', சர்வருக்கு இரண்டு. வரும் விடை 404. கோப்புப் பெயரை ஆங்கிலச் சிறிய எழுத்தில் வைக்கச் சொல்பவர்களைத் தமிழ்ப் பற்று இல்லாதவர்கள் என்று நினைத்திருந்தேன். ஒரு 'கொலு' படத்துக்காக அரைநாள் தேடியபின் அப்படி நினைப்பதில்லை.

தேர்வே இல்லாத இடங்கள்

சில இடங்களில் எதைத் தேர்வது என்ற கேள்வியே எழாது. மின்னஞ்சலில் முழு முகவரிதான் செல்லும். வாசகர் அஞ்சல் பெட்டியில் நிற்கும்போது '../' எதற்கு மேலே ஏறும்? ஆர்எஸ்எஸ் ஓடைகளுக்கும் அதுவே நல்லது. தேடுபொறிக்குத் தரும் சைட்மேப் கோப்பில் முழு முகவரி கட்டாயம். ஒரே கட்டுரை பல முகவரிகளில் திறக்கும்போது எது மூலம் என்று காட்டும் 'கனானிக்கல்' குறியைக் கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் பிப்ரவரி 2009இல் சேர்ந்து அறிவித்தன. அதிலும் முழு முகவரி எழுதவே கூகுள் பரிந்துரைக்கிறது. நம் கட்டுரையை ஒருவர் அப்படியே நகலெடுத்துத் தன் தளத்தில் போட்டாலும், முழு முகவரி இணைப்புகள் வாசகரை நம்மிடமே திருப்பி அனுப்பும்.

மின்னூல் இதற்கு நேரெதிர். ஈபப் கோப்பு என்பது சுருக்கிக் கட்டிய ஒரு பொதி. உள்ளே அத்தியாயங்கள், படங்கள், பொருளடக்கம். அவற்றுக்கிடையே சார்பு முகவரிதான். நூலை யார் எந்தக் கைப்பேசியில் திறப்பார் என்பது தெரியாதபோது எந்த டொமைனை எழுதுவது? இணையம் இல்லாத பள்ளிக்குப் பென்டிரைவில் கொண்டுபோகும் தளத்துக்கும் இதே விதி.

இரண்டுக்கும் நடுவில் நிற்பது, சாய்கோட்டில் தொடங்கும் வாசற்படி முகவரி. பக்கம் எத்தனை படி உள்ளே போனாலும் '/படம்/அட்டை.ஜேபிஜி' மாறாது, டொமைன் மாறினாலும் கவலையில்லை. பல தளங்களுக்கு இதுவே போதும். ஆனால் தளம் தன் சொந்த வாசலில் இருக்கும் வரைதான். கிட்ஹப் பேஜஸில் ஒரு திட்டத்துக்கு இடம் கொடுத்தால், அது பொதுவாக டொமைனுக்குள் ஒரு துணை ஃபோல்டராகவே அமையும். அங்கே வாசற்படி என்பது அந்தத் திட்டத்தின் வாசற்படி அல்ல. புதிதாகத் தளம் போடும் கல்லூரி மாணவர்கள் முதல் நாளே வடிவமைப்பு இல்லாத வெறும் எழுத்துப் பக்கத்தைப் பார்த்துத் திகைப்பது இதனால்தான்.

பழுது பார்ப்பதில் யார் எளிது

அறுந்த இணைப்பைச் சரிசெய்யும் முன் எந்த வகை அறுந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு முகவரிப் பட்டையே போதும். அழுத்தியபின் பட்டையில் பழைய டொமைன் தெரிந்தால் அது முழு முகவரியின் நோய். டொமைன் சரியாக இருந்து, நடுவில் ஒரு ஃபோல்டர் விடுபட்டோ இரட்டித்தோ இருந்தால் சார்பு முகவரியின் நோய். 'ஃபைல்' என்று தொடங்கி 'சி:' என்று வந்தால், எழுதியவர் தன் கணினியின் உள்வழியையே இணைப்பாகக் கொடுத்துவிட்டார் என்று பொருள். அவருக்கு மட்டும் திறக்கும்.

முழு முகவரியைத் திருத்துவது பார்வைக்கு எளிது. பழைய டொமைன் பெயர் எல்லா இடத்திலும் ஒரே சரமாக இருப்பதால், தேடி மாற்றினால் ஒரே கட்டளையில் முடியும். ஆனால் டொமைனை மட்டும் தேடினால், ஆசிரியரின் மின்னஞ்சல் முகவரியும் சேர்ந்து மாறும். வேர்ட்பிரஸ் போன்ற தளங்களில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. அது இணைப்புகளை முழு முகவரியாகவே டேட்டாபேஸில் வைக்கும். சில அமைப்புகளை 'இத்தனை பைட் நீளமுள்ள சரம்' என்று நீளத்தையும் முன்னால் எழுதிச் சேமிக்கும். முகவரியை மட்டும் மாற்றினால் நீள எண் பொய்யாகிவிடும். அந்த அமைப்பு முழுவதையும் படிக்க முடியாமல் போகும். இணைப்பைச் சரிசெய்யப் போய்ப் பக்கப் பட்டியையே இழந்தவர்கள் உண்டு. இதற்கென்று டபிள்யூபி-சிஎல்ஐ கருவியில் தேடி மாற்றும் கட்டளை இருக்கிறது. அது நீளத்தையும் சேர்த்துத் திருத்தும். எதைத் தொடுமுன்னும் பேக்கப் எடுக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சார்பு முகவரிக்கு இந்த மொத்த வைத்தியம் கிடையாது. '../படம்/' என்ற அதே சரம் ஒரு பக்கத்தில் சரி, இன்னொரு பக்கத்தில் தவறு. பக்கம் எத்தனை படி உள்ளே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. தம்பி கடைசியில் ஆண்டுக்கு ஆண்டு ஃபோல்டரைத் திறந்து தனித்தனியே மாற்றினான். குறுக்கு வழி ஒன்று உண்டு: பக்கத்தின் தலைப்பகுதியில் 'பேஸ்' என்ற குறிச்சொல்லில் ஒரு முகவரியைக் கொடுத்துவிட்டால், அந்தப் பக்கத்தின் சார்பு முகவரிகள் எல்லாம் அதிலிருந்தே கணக்காகும். ஒரே வரியில் படங்கள் திரும்பி வந்துவிடும். ஆனால் '#குறிப்பு' என்ற அடிக்குறிப்பு இணைப்பும் அந்தப் புதிய முகவரியிலிருந்தே கணக்காவதால், அடிக்குறிப்பைத் தேடி அழுத்திய வாசகர் தளத்தின் முதல் பக்கத்தில் போய் நிற்பார். கட்டுரை முழுக்க அடிக்குறிப்பு வைக்கும் ஆய்விதழ்களுக்கு இந்த மருந்து ஒத்துக்கொள்ளாது.

இவ்வளவும் நம் தளத்துக்குள் நாம் எழுதிய இணைப்புகள் பற்றியது. அடுத்தவர் நமக்குக் கொடுக்கும் இணைப்பு எப்போதும் முழு முகவரிதான். ஆய்வேட்டின் அடிக்குறிப்பில், யாரோ ஒருவரின் ஃபேஸ்புக் பதிவில், விக்கிப்பீடியாவின் மேற்கோளில் நம் பழைய முகவரி கிடக்கும். அவற்றைத் திருத்த நமக்குக் கை இல்லை. நமக்கு இருக்கும் ஒரே வழி, பழைய முகவரிக்கு வருபவரைப் புதிய முகவரிக்கு அனுப்பும் 301 என்ற நிரந்தர வழிமாற்று. 302 என்பது தற்காலிகத்துக்கு. எல்லாப் பழைய முகவரிகளையும் முதல் பக்கத்துக்கே அனுப்பிவிடும் சோம்பேறி வழியும் நடக்கிறது. 2004 மே இதழின் கதையைத் தேடி வந்தவருக்கு முதல் பக்கத்தால் என்ன பயன்? கூகுளும் அப்படிப்பட்டதைக் காணாத பக்கமாகவே எடுத்துக்கொள்ளக்கூடும். பக்கத்துக்குப் பக்கம் சரியான வழிமாற்று எழுதுவதே முறை. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரையின் தலைப்பை மாற்றினால், பழைய தலைப்பில் வழிமாற்று ஒன்று பொதுவாகத் தானாகவே நிற்கும். நல்ல தளம் ஒவ்வொன்றுக்கும் அந்த வழக்கம் வேண்டும்.

நாம் வெளியே கொடுத்த இணைப்புகள் அறுந்தால்? அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2013இல் இருந்த வலைப்பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டில் கிடைக்காமல் போய்விட்டன. முழு முகவரி எவ்வளவு முழுமையாக இருந்தாலும், அந்தப் பக்கம் இல்லையென்றால் இல்லைதான். அங்கே 2001 முதல் பொதுப் பயன்பாட்டில் உள்ள வேபேக் மெஷின் சேமித்த நகலுக்கு இணைப்பை மாற்றுவதே மிச்சமிருக்கும் வழி. பல மொழி விக்கிப்பீடியாக்களில் 90 லட்சத்துக்கு மேற்பட்ட அறுந்த இணைப்புகளை இப்படி மீட்டதாக இன்டர்நெட் ஆர்க்கைவ் 2018இல் அறிவித்தது.

தீர்ப்பு

இந்த வழக்கில் மிகச் சரியான தீர்ப்பைச் சொன்னது ஒரு சிறு கருவி என்பேன். தளங்களை இறக்கிச் சேமிக்கும் குனு டபிள்யூகெட் நிரலுக்கு 'இணைப்புகளை மாற்று' என்றொரு தெரிவு உண்டு. இறக்கி முடித்தபின் அது ஒவ்வோர் இணைப்பையும் பார்க்கும். அது காட்டும் கோப்பும் நம்மோடு வந்திருந்தால், இணைப்பைச் சார்பு முகவரியாக்கும். வராமல் அங்கேயே நின்றுவிட்டிருந்தால், முழு முகவரியாக்கும். கட்சி கட்டாமல், யார் நம்மோடு பயணம் வருகிறார்கள் என்பதை மட்டும் பார்க்கிறது. மேலே சொன்ன நான்கு நிலைகளுக்கும் இந்த ஒரு கேள்வி பொருந்தும்.

அதன்படி, ஒரே தளத்துக்குள் சேர்ந்தே வாழும் பக்கங்களுக்கும் படங்களுக்கும் சார்பு முகவரி. தளம் சொந்த டொமைனில் இருந்தால் சாய்கோட்டில் தொடங்கும் வகை மேல். வெளித்தளங்களுக்கும், மின்னஞ்சல், ஓடை, சைட்மேப் என்று நம் பக்கத்தை விட்டு வெளியே போகும் எதற்கும் முழு முகவரி. ஐயாவும் தவறில்லை, தம்பியும் தவறில்லை. ஒருவர் செய்ததை மற்றவர் இடத்தில் செய்ததுதான் தவறு.

இரண்டு வகைக்கும் மேலான பொறுப்பு ஒன்று இருக்கிறது. நல்ல முகவரி மாறாது என்ற கருத்தை டிம் பெர்னர்ஸ்-லீ 1998இலேயே கட்டுரையாக எழுதினார். முகவரிகள் தானாக மாறுவதில்லை, ஆட்கள்தான் மாற்றுகிறார்கள் என்பது அதன் சாரம். ஆகவே தளம் நடத்தும் சிற்றிதழ்க்காரர்களுக்கும் நூலகங்களுக்கும் ஒரு வேண்டுகோள்: புதிய வீட்டுக்குப் போனபின் பழைய டொமைனைக் கைவிடாதீர்கள். வழிமாற்று எழுதி, அதற்குரிய ஆண்டுக் கட்டணத்தைத் தொடர்ந்து கட்டுங்கள். எங்கள் சிற்றிதழின் பழைய முகவரி இன்னும் வேறொருவர் கையில்தான் இருக்கிறது.